கடலோரக் காடும் கடாரத்துக் கற்களும்

நம் நாட்டின் காடுகளையும் கடற்கரைகளையும் காண வெளிநாட்டார் பல்லாயிரம் மைல் கடந்து வருகின்றனர். ஆனால், அவற்றிற்கு அருகிலேயே வாழும் நம் தோட்ட மக்களுள் பலர் அவற்றை ஒருமுறையேனும் சென்று கண்டதில்லை. விடுமுறை நாள் வந்தால் பட்டணத்துக் கடைத்தெருவிற்குச் சென்று திரும்புவதோடு பலருடைய உலாப் பயணம் முடிந்து விடுகின்றது. கடைத்தெருவில் செலவாகும் அதே பணத்தைக் கொண்டு, பிள்ளைகளின் அறிவுக்கும் உடலுக்கும் நலம் தரும் பயணம் ஒன்றை மேற்கொள்ள இயலும். அத்தகைய பயணம் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் பேசுகின்றோம்.

இப்பயணத்தில் நாம் காணவிருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பினாங்குத் தீவின் வடமேற்கு முனையிலுள்ள பினாங்கு தேசியப் பூங்கா. மற்றொன்று, கெடா மாநிலத்தில் ஜெராய் மலையின் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு. முன்னது இயற்கையின் கருவூலம். பின்னது வரலாற்றின் கருவூலம். இரண்டிற்கும் இடையே கடல் கிடப்பினும், இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. வானம் தெளிந்த நாளில் பினாங்குத் தீவின் வடகரையில் நின்று வடகிழக்கே நோக்கினால், கடலுக்கு அப்பால் ஜெராய் மலை நீல நிறமாக எழுந்து நிற்பதைக் காணலாம். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலையே பழங்கால மாலுமிகளுக்குக் கரை அருகில் வந்துவிட்டது என்பதை அறிவித்த அடையாளமாகும்.

தீவின் முனையில் ஒரு காடு

பினாங்கு தேசியப் பூங்கா முன்னாளில் பந்தாய் ஆச்சே வனக் காப்பகமாக இருந்தது. 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1980-ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டத்தின் கீழ் முதன்முதலாக அமைக்கப்பெற்ற பூங்கா இதுவே. நிலப்பகுதியும் அதனையடுத்த கடற்பகுதியும் சேர்த்து இதன் பரப்பு சுமார் 2,500 ஹெக்டேராகும். நாட்டின் பிற தேசியப் பூங்காக்களை நோக்க இது மிகச் சிறியது. எனினும், இச்சிறு பரப்பிற்குள் மேட்டுநிலக் காடு, கடற்கரைக் காடு, அலையாத்தி மரங்கள், பாறைக் கரை, மணற்கரை, ஏரி ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைந்திருப்பது இதன் தனிச் சிறப்பாகும்.

பூங்காவின் வாயில் தெலுக் பஹாங் என்னும் மீனவர் சிற்றூரில் உள்ளது. ஜார்ஜ்டவுனிலிருந்து 101-ஆம் எண் பேருந்து அங்குச் செல்கின்றது. வாயிலிலுள்ள அலுவலகத்தில் ஒவ்வொருவரும் பெயரைப் பதிவு செய்த பின்னரே உள்ளே செல்லுதல் வேண்டும். இது வெறும் சடங்கன்று. மாலையில் யாரேனும் திரும்பாவிடின், அவர்களைத் தேடிச் செல்வதற்கு அப்பதிவே துணையாகும்.

உள்ளே நுழைந்ததும் பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று கடலோரமாக வடக்கே சென்று, குரங்குக் கடற்கரை எனப்படும் தெலுக் டுயோங்கை அடைகின்றது. அதற்கும் அப்பால் குன்றின் மீது, 1883-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம் நிற்கின்றது. மற்றொரு பாதை காட்டினூடே மேடேறி இறங்கிப் பந்தாய் கெராச்சுட் என்னும் கடற்கரையை அடைகின்றது. இப்பாதை சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுடையது. நிதானமாக நடப்போர்க்கு ஒன்றரை மணி நேரமாகும். மேடேறி நடக்க இயலாத முதியோரும் சிறுவரும் தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து படகு மூலம் செல்லலாம்.

இக்காட்டில் நானூற்றுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். செங்கால், செராயா முதலிய வன்மரங்கள் வானளாவி நிற்கின்றன. இவற்றிடையே நம் தோழர்கள் ஒரு மரத்தை ஆவலுடன் நோக்குவர். அதுவே ஜெலுத்தோங். ரப்பர் மரம் தென்னமெரிக்காவிலிருந்து இங்கு வந்த விருந்தாளி. ஜெலுத்தோங்கோ இம்மண்ணிற்கே உரியது. இதன் பட்டையைக் கீறினாலும் வெண்பால் வடியும். அப்பால் முன்னாளில் மெல்லும் மிட்டாய் செய்வதற்காக ஏற்றுமதி செய்யப்பட்டது. ஆயின், பூங்காவிற்குள் எம்மரத்தையும் கீறிப் பார்த்தல் கூடாது. கத்தி பிடித்துப் பழகிய கைகளுக்கு இதனை நினைவூட்டுதல் நன்று!

விலங்குகளுள் நீண்டவால் குரங்கும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் குரங்கும் எளிதில் தென்படும். நீர்நாய், உடும்பு, சருகுமான், மரத்திற்கு மரம் தாவி மிதக்கும் குபோங் ஆகியவையும் இங்கு வாழ்கின்றன. கடலின் மேலே வெள்ளை வயிற்றுக் கடற்கழுகும் கருடனும் வட்டமிடும். அமைதியாக நடப்போர்க்கே இவை காட்சி தரும். கூச்சலிட்டுக்கொண்டு செல்லும் கூட்டத்தினர் காண்பது மரங்களை மட்டுமே.

இருவகை நீர் கொண்ட ஏரி

கெராச்சுட் கடற்கரையை அடையுமுன் ஒரு சிறு பாலத்தைக் கடக்கின்றோம். அதன் கீழே கிடக்கும் ஏரி பார்வைக்குச் சாதாரணக் குட்டை போன்றே தோன்றும். ஆனால், அது அறிவியலறிஞர்கள் தேடி வந்து ஆராயும் ஏரியாகும். அதனுள் இருவகை நீர் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றது. மேலே இருப்பது காட்டு ஓடைகள் கொணரும் நன்னீர். அடியிலே இருப்பது கடலிலிருந்து புகும் உவர்நீர்.

இவ்விரண்டும் ஏன் கலப்பதில்லை? உப்பு கரைந்த நீர் நன்னீரைவிட எடை மிகுந்தது. ஆதலின் அது அடியிலேயே தங்கி விடுகின்றது. பெருங்காற்றும் பேரலையும் தாக்காத இடமாதலால் கலக்கிவிடுவாரும் இல்லை. இதில் மற்றொரு வியப்பும் உண்டு. பொதுவாக நீர்நிலைகளில் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் குளிர்ந்தும் இருக்கும். இங்கோ அடிநீரே வெப்பம் மிகுந்தது. கதிரவனின் வெப்பத்தைப் பெற்ற உவர்நீர், தன் எடையின் காரணமாக மேலெழ இயலாமல், அவ்வெப்பத்தைத் தன்னுள்ளேயே அடக்கி வைத்துக் கொள்கின்றது. மழைக்காலத்தில் இவ்வேரி நிறைந்து காணப்படும். வறண்ட மாதங்களில் நீர் வற்றித் தரை தெரியும். ஆகவே, மழை பெய்து ஓய்ந்த நாட்களில் செல்வதே இதனைக் காண ஏற்றதாகும்.

கரையேறும் கடலாமை

கெராச்சுட் கடற்கரைக்குக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, மலாயில் பென்யு அகார் எனப்படும் பச்சை ஆமைகள் வரும். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை, பென்யு லிப்பாஸ் எனப்படும் சிற்றாமைகள் வரும். இவற்றைக் காப்பதற்காக மீன்வள இலாகாவின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் 1995-ஆம் ஆண்டு முதல் இங்குச் செயற்பட்டு வருகின்றது.

தாய் ஆமை இரவில் கரையேறி, துடுப்புப் போன்ற கால்களால் மணலில் ஆழமாகக் குழி தோண்டி, ஒரு முறையில் சுமார் நூறு முட்டைகள் இடுகின்றது. பின்னர் மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். தன் குஞ்சுகளை அது மீண்டும் காண்பதில்லை. ஏறத்தாழ ஐம்பது முதல் அறுபது நாட்களில் முட்டைகள் பொரிகின்றன. குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் மணலின் வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பம் மிகுந்த மணலில் பெண் குஞ்சுகளும், குளிர்ந்த மணலில் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும்.

பொரிந்த குஞ்சுகள் இரவிலே மணலைப் பிளந்து வெளிவந்து, வெளிச்சம் மிகுந்த திசையை நோக்கி ஓடும். மனிதர் விளக்கேற்றாத காலத்தில் விண்மீன் ஒளியைப் பிரதிபலிக்கும் கடலே வெளிச்சம் மிகுந்த திசையாக இருந்தது. இன்று கரையில் நாம் ஏற்றும் விளக்கு அவற்றை எதிர்த்திசைக்கு இழுத்து மாய்த்துவிடும். விடியுமுன் தலைவிளக்கு அணிந்து நிரைக்குச் செல்லும் நம் தோழர்களுக்கு, இருளில் ஒரு சிறு விளக்கும் எவ்வளவு தொலைவு தெரியும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே, ஆமைக் கரையில் இரவு நேரத்தில் கைவிளக்கு அடிப்பதும், ஒளிவீசும் புகைப்படம் எடுப்பதும் கூடாது.

குஞ்சுகளுள் நண்டுக்கும் பறவைக்கும் மீனுக்கும் இரையாவன போக, ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து பெரிதாகும் என மதிப்பிடுகின்றனர். அந்த ஒன்றும் முட்டையிடும் பருவம் அடைவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். இன்று நாம் ஒரு கூடு முட்டையை எடுத்து உண்டால், அதன் இழப்பு இன்று தெரியாது. நம் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகும் காலத்திலேயே தெரியும். திரெங்கானுவிலுள்ள ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு 1950-களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பேராமைகள் வந்து முட்டையிட்டன. அவற்றைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வந்தனர். பல்லாண்டுக் காலம் முட்டைகள் பெருமளவில் எடுத்து விற்கப்பட்டமையாலும், கடலில் மீன் வலைகளில் சிக்கி ஆமைகள் மடிந்தமையாலும், இன்று அவ்வாமை அங்கு வருவது அரிதினும் அரிதாகிவிட்டது. காலம் கடந்த பின்னர் விழித்ததன் விளைவு இது. திரெங்கானுவில் எல்லா வகைக் கடலாமை முட்டைகளின் விற்பனையும் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

ஆமை முட்டை உடலுக்கு வலிமை தரும் மருந்து என்னும் நம்பிக்கை நம்மவரிடையிலும் உண்டு. அதற்கு மருத்துவச் சான்று எதுவும் இல்லை. கோழி முட்டையில் கிடைக்காத சத்து எதுவும் அதில் இல்லை. சட்டம் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் அம்முட்டையை வாங்காமல் இருப்பது நம் கையில்தான் உள்ளது. வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை.

பூஜாங் பள்ளத்தாக்கு

இனி, கடலைக் கடந்து கெடாவிற்குச் செல்வோம். சுங்கை பட்டாணிக்கு வடமேற்கே, மெர்போக் ஊரை அடுத்து, ஜெராய் மலையின் தெற்கு அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகம் உள்ளது. 1980-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இவ்வரும்பொருளகத்தின் வளாகத்தில் ஓடும் ஓடையின் ஓசையும், மர நிழலும், நெடுந்தொலைவு வந்தோரின் களைப்பைப் போக்கும்.

இங்குக் காணவேண்டியவற்றுள் முதன்மையானது புக்கிட் பத்து பஹாட் கோயிலாகும். மலாய் மொழியில் இத்தகைய பழங்கட்டடத்தைச் சண்டி என வழங்குவர். கருங்கற்களால் ஆன அடித்தளமும், கருவறை நின்ற மேடையும், அதற்கு முன்னே மண்டபமும் தெளிவாகக் காணப்படுகின்றன. மண்டபத்தில் தூண்களைத் தாங்கிய கல் அடிகள் மட்டும் எஞ்சியுள்ளன. மேலே இருந்தவை மரத்தூண்களும் மரக்கூரையுமாதலின் அவை என்றோ மக்கி மறைந்தன. ஆராய்ச்சியின்போது அடித்தளத்தினுள் சிறு கற்பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. கட்டடம் எழுப்புமுன் பொன்னும் மணியும் இட்டு நிலத்திற்கு வழிபாடு செய்த வழக்கத்தை அவை காட்டுகின்றன. புது வீடு கட்டும்போது நிலைக்கல்லின் கீழ் நவமணி இடும் நம் வழக்கத்தை இங்கு நினைவிற் கொள்ளலாம். 1959, 1960-ஆம் ஆண்டுகளில் அலஸ்டேர் லேம்ப் என்னும் ஆராய்ச்சியாளர் இக்கோயிலை அகழ்ந்து ஆராய்ந்து மீண்டும் அமைத்தார்.

வேறிடங்களில் அழியும் நிலையிலிருந்த பெண்டியாட், பெண்டாங் டாலாம் கோயில்களும் கல் கல்லாகப் பெயர்த்துக் கொணரப்பட்டு இவ்வளாகத்தில் அமைக்கப்பட்டுள்ளன. பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த விநாயகர், மகிடாசுரனை வதைக்கும் துர்க்கை ஆகிய சிலைகள், புத்தர் உருவங்கள், சீனத்துப் பீங்கான், அரபு நாடுகளிலிருந்து வந்த கண்ணாடி, பலநிற மணிகள் ஆகியன இப்பகுதி உலகச் சந்தையாக விளங்கியதற்குச் சான்றுகளாகும்.

இவை எவ்வாறு வெளிப்பட்டன? 1834-ஆம் ஆண்டில், செபராங் பிறையில் ஆட்சி அலுவலராக இருந்த ஜேம்ஸ் லோ என்பவர் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவன் தன் கடற்பயணம் இனிதே முடியவேண்டும் என்று வேண்டிப் பொறித்ததாகும். அக்கல்வெட்டு இன்று கொல்கத்தா அரும்பொருளகத்தில் உள்ளது. பின்னர், 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்பவரும் அவர்தம் மனைவியாரும் இப்பகுதியில் சுமார் முப்பது இடங்களை அகழ்ந்தாய்ந்தனர். அவற்றுள் சில தோட்ட நிலங்களிலேயே இருந்தன. அக்கோயில்களுள் சிலவற்றிற்குத் தோட்டத்தின் பெயரே இன்றளவும் வழங்கி வருகின்றது.

காற்றும் இரும்பும் வளர்த்த துறைமுகம்

இவ்விடத்தில் துறைமுகம் தோன்றக் காரணம் என்ன? தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையின் தென்முனையிலிருந்தும் கிழக்கு நோக்கி நேரே வரும் கலங்கள், வங்கக் கடலைக் கடந்து கெடாவின் கரையையே அடையும். ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அவற்றைக் கொண்டு வந்து சேர்க்கும். ஆண்டின் இறுதியில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று திரும்பிச் செல்ல உதவும். இடைப்பட்ட மாதங்களில் வணிகர்கள் காற்று மாறுவதற்காகக் காத்திருந்தனர். காத்திருந்தோர்க்கு உறைவிடமும் வழிபாட்டிடமும் தேவைப்பட்டன. கோயில்களும் விகாரங்களும் அவ்வாறே எழுந்தன.

துறைமுகத்தின் செல்வத்திற்கு மற்றொரு காரணம் இரும்பு. மெர்போக்கை அடுத்த சுங்கை பத்து என்னுமிடத்தில், செம்பனைத் தோட்டத்தின் நடுவே, 2009-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆராய்ச்சியில், இரும்பு உருக்கிய உலைகளும், களிமண்ணாலான துருத்திக் குழாய்களும், இரும்புச் சிட்டமும், செங்கற்களால் கட்டிய படகுத்துறைகளும் வெளிப்பட்டன. இவற்றுள் சில ஏறத்தாழ கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என ஆய்வாளர் கருதுவர். அக்காலத்தில் கடல் இன்றைய கரையைவிட மிகவும் உட்புறமாக இருந்தமையால், இன்று தோட்டமாகக் காணப்படும் நிலத்திற்கு அன்று படகுகள் வந்து சென்றன. காட்டு மரத்தைக் கரியாக்கி, கல்லை உருக்கி, இரும்பாக வார்த்துக் கப்பலேற்றிய உழைப்பாளிகளின் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை. ஆயினும், அவர்களுடைய உழைப்பின் கசடு மட்டும் மண்ணில் மேடாகக் கிடந்து சாட்சி கூறுகின்றது.

ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. 2023-ஆம் ஆண்டில் ஜெராய் மலைக்கு வடக்கேயுள்ள புக்கிட் சோராஸ் குன்றில் நடந்த அகழ்வில், பௌத்தத் தூபி ஒன்றும், சுதையாலான புத்தர் சிலைகளும் கண்டெடுக்கப்பட்டன. மண்ணுக்குள் இன்னும் எத்தனை செய்திகள் உறங்குகின்றனவோ!

கடாரமும் தமிழும்

தமிழ் நூல்களிலும் கல்வெட்டுகளிலும் வரும் கடாரம் இந்தக் கெடாவே என்பது அறிஞர் பலரின் கருத்தாகும். பூம்புகார்த் துறைமுகத்தில் வந்திறங்கிய பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலையில் இடம்பெறும் காழகமும் இதுவே என உரைகாரர் கொள்வர். இராசராச சோழன் காலத்தில், சுமார் 1006-ஆம் ஆண்டில், கடாரத்தை ஆண்ட மன்னர் மரபினர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினர். அதற்குச் சோழ மன்னன் ஆனைமங்கலம் என்னும் ஊரை மானியமாக அளித்த செய்தி, இன்று நெதர்லாந்திலுள்ள லெய்டன் நகரின் பெயரால் வழங்கும் செப்பேடுகளில் காணப்படுகின்றது. பின்னர் இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டில் கடாரத்தைத் தாக்கியது. கடாரங்கொண்டான் என்னும் பட்டத்தை அவன் சூடினான்.

இவ்வரலாற்றை நாம் எவ்வாறு கற்க வேண்டும்? படையெடுப்பு நிகழ்ந்தது ஒரு சில மாதங்களே. வணிகமும் நட்பும் நிலவியதோ பல நூற்றாண்டுகள். நம் முன்னோர் வந்து வென்றனர் என்று மார்தட்டுவதற்காக இக்கற்களைக் காணச் செல்லுதல் வேண்டா. இக்கோயில்களில் தமிழகக் கோயிற்கலையின் சாயல் உண்டு. ஆனால், கல் அடித்தளத்தின் மேல் மரக்கூரை அமைத்த முறையில் இம்மண்ணின் மக்களுடைய கைத்திறனும் உண்டு. பீங்கான் சீனத்திலிருந்து வந்தது. கண்ணாடி அரபு நாட்டிலிருந்து வந்தது. மணிகளுள் பல இங்கேயே செய்யப்பட்டன. பல இனத்தவர் ஒரு துறைமுகத்தில் கூடி வாழ்ந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர் என்பதே இப்பள்ளத்தாக்கு கூறும் பாடம். அதனால் இஃது எல்லா மலேசியருக்கும் உரிய சொத்தாகும்.

எனினும், நம் தோட்டப் பிள்ளைகளுக்கு இப்பாடம் சிறப்பாகத் தேவைப்படுகின்றது. தங்களுடைய வரலாறு, பால்மரம் வெட்டுவதற்காகக் கப்பலேறி வந்த கொள்ளுப்பாட்டனாரோடு தொடங்குவதாகவே அவர்களுள் பலர் எண்ணிக் கொண்டிருக்கின்றனர். உழைப்பதற்காக வந்தது இழிவன்று, அது பெருமையே. ஆயினும், அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரைக்கும் தமிழ்க் கரைக்கும் இடையே போக்குவரத்து இருந்தது என்பதை அறியும் பிள்ளை, பள்ளியில் வரலாற்று நூலைத் திறக்கும்போது தலை நிமிர்ந்து அமரும்.

மண்வெட்டியில் கல் தட்டினால்

2013-ஆம் ஆண்டில் ஒரு வருந்தத்தக்க நிகழ்ச்சி நடந்தது. சுங்கை பத்துத் தோட்டத்திலிருந்த பதினொன்றாம் எண் சண்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது எனக் கருதப்பட்ட கட்டடம், நில மேம்பாட்டு வேலையின்போது இயந்திரத்தால் இடித்துத் தள்ளப்பட்டது. அஃது இருந்த நிலம் தனியாருடையதாகவும், அக்கட்டடம் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாகப் பதிவு செய்யப்படாததாகவும் இருந்தது. செய்தி வெளிவந்தபோது நாடெங்கும் எல்லா இனத்தவரும் வருந்தினர். வருந்தி என்ன பயன்? ஆயிரம் ஆண்டுகள் மழையையும் வெயிலையும் தாங்கிய கற்கள் சில மணி நேரத்தில் குப்பையாயின.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? பழஞ்சின்னங்கள் பல இன்னும் தோட்டங்களின் மண்ணிலேயே புதைந்து கிடக்கக்கூடும். கால்வாய் வெட்டுவோரும், கன்று நடக் குழி தோண்டுவோரும், மறுநடவிற்கு நிலத்தைத் திருத்துவோரும் நம்மவரே. முதலில் காணும் கண்கள் நம் கண்களே. ஆகவே, செதுக்கிய கல், பழைய செங்கல் வரிசை, பானை ஓடு, மணி, சிலை ஆகியவை தென்பட்டால் பின்வருமாறு செய்தல் வேண்டும்:

1. அவ்விடத்தில் மேலும் தோண்டாமல் வேலையை நிறுத்துக.

2. கண்ட பொருளை இடம் மாற்றாதீர். வீட்டிற்கோ கோயிலுக்கோ கொண்டு செல்லாதீர். கல் மட்டுமன்று, அது கிடந்த இடமும், ஆழமும், அருகில் கிடந்த பிற பொருள்களும் ஆராய்ச்சியாளருக்குச் சாட்சிகளாகும். இடம் மாறிய கல் பேசும் திறனை இழந்த கல்லாகும்.

3. தோட்ட நிர்வாகத்திற்குத் தெரிவித்து, மாவட்ட அதிகாரி அலுவலகத்திற்கும் அறிவியுங்கள். கண்டெடுத்த பழம்பொருளைப் பற்றி அறிவிக்கும் கடமையை 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் விதித்துள்ளது.

4. இயலுமாயின் கைப்பேசியில் படமெடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து வைத்துக் கொள்க.

பயணத்திற்கு ஆயத்தம்

தோட்டத்து இளைஞர் மன்றமோ மாதர் சங்கமோ முன்னின்று ஒரு பேருந்தை அமர்த்தினால் செலவு குறையும். ஆளுக்கு ஒரு சிறு தொகையை மாதந்தோறும் சேர்த்து வந்தால், பெருநாள் விடுமுறையில் கடன்படாமல் சென்று வரலாம். முதல் நாள் பினாங்குப் பூங்காவையும், மறுநாள் பூஜாங் பள்ளத்தாக்கையும் காணுதல் ஏற்றது. புறப்படுமுன் இரு இடங்களுக்கும் தொலைபேசியில் பேசி, திறந்திருக்கும் நேரம், கட்டணம், பாதையின் நிலை ஆகியவற்றைக் கேட்டறிக. புயல்மழைக்குப் பின் காட்டுப் பாதைகள் மூடப்படுவதுண்டு.

காட்டிற்குள் காலையிலேயே புறப்படுதல் வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிநீர் கொண்டு செல்க. வழுக்காத காலணி அணிக. தோட்டத்தில் அணியும் ரப்பர்க் காலணியே இதற்கு நன்கு பயன்படும். குரங்குகளுக்கு உணவு தராதீர். உணவு பெற்றுப் பழகிய குரங்கு, பிறகு பிள்ளைகளின் கையிலுள்ளதைப் பறிக்கத் துணியும். கொண்டு சென்ற நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டு வருக. கடலாமை மிதக்கும் நெகிழிப் பையைச் சொறிமீன் எனக் கருதி விழுங்கி மாய்கின்றது.

சொறிமீனைப் பற்றி நாமும் அஞ்ச வேண்டியுள்ளது. இக்கடற்பகுதியில் கொடிய நச்சுடைய சொறிமீன்கள் உண்டு. ஆகவே, எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில், சிறப்பாகக் கெராச்சுட்டில், கடலில் இறங்கிக் குளித்தல் கூடாது. எவரையேனும் அது தீண்டிவிட்டால், அவ்விடத்தைத் தேய்க்காதீர், நன்னீரால் கழுவாதீர். சமையலுக்குப் பயன்படும் காடியைத் தாராளமாக ஊற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. ஒரு சிறு புட்டியில் காடி எடுத்துச் செல்வது அறிவுடைமையாகும். படகில் செல்வோர் அனைவரும் மிதவைச் சட்டை அணிதல் கட்டாயம். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே உறுதி செய்து கொள்க.

அரும்பொருளகத்தில் பிள்ளைகளைக் கற்களின் மீது ஏறி விளையாட விடாதீர். ஒருவர் ஏறுவதால் தேயாத கல், ஆண்டுதோறும் ஆயிரம் பேர் ஏறினால் தேயும்.

கலந்துரையாட

பயணம் முடிந்து திரும்பியதும் மன்றத்திலோ, வீட்டிலோ, பிள்ளைகளோடு அமர்ந்து பின்வரும் வினாக்களைப் பேசுதல் நலம்:

1. கெராச்சுட் ஏரியின் அடிநீர் ஏன் வெப்பமாக இருக்கின்றது?

2. ஆமைக் குஞ்சுகள் கடலின் திசையை எவ்வாறு அறிகின்றன? நாம் அதற்கு இடையூறு செய்யாமலிருக்க என்ன செய்யலாம்?

3. காற்றின் திசைக்கும் பழைய கெடாத் துறைமுகத்தின் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு?

4. நிலத்தில் கிடைத்த சிலையை உடனே கோயிலில் வைத்துவிடுவது சரியா? காரணம் கூறுக.

5. நம் தோட்டத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடம், கிணறு, மரம் ஏதேனும் உண்டா? அதன் கதையை அறிந்த முதியவர் யார்?

ஐந்தாம் வினாவிற்கு விடை தேடுவது மிக அவசரம். ஏனைய நான்கிற்கும் விடைகள் நூல்களில் உள்ளன. ஐந்தாவதன் விடை நம் லயத்து முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளது. பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. கிணறும் கோயிலும் பள்ளியும் இருந்த இடங்களைச் சுட்டிக்காட்டக்கூடியோர் குறைந்து வருகின்றனர். கடாரத்து இரும்பு உலைக்காரர்களின் பெயர்களை எழுதி வைப்பாரின்றி இழந்தோம். நம் தோட்டத்தைக் காடழித்து உருவாக்கியவர்களின் பெயர்களையேனும், அவர்களை அறிந்தோர் உயிருடன் இருக்கும்போதே, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக.